இசைத்தட்டின் மறுபக்கம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் கடந்து வந்த பாதையைப் பேசுவது மரபு. அதைப் பேசும் தகுதி வாய்ந்தவர்கள் எனக்கு முன்னரே பேசிவிட்டார்கள். அமைப்பாளர்கள் எனக்கென ஒதுக்கிய பொருள், ‘ஒரு கலைக்குழு எவ்வாறு உருவாகிறது, அதன் முதற்படைப்பு எவ்வாறு வெளிப்படுகிறது’ என்பது. இதற்கு நம்முடைய சிற்றிதழ் வரலாற்றிலிருந்தே சான்று காட்டியிருக்கலாம். ஆனால் அந்த வரலாற்றில் நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அணியில் நின்றுகொண்டிருக்கிறோம். எந்தப் பெயரைச் சொன்னாலும் அவையின் ஒரு பாதி முகம் மலரும், மறுபாதி சுருங்கும். ஆகவே நமக்குக் கட்சி எதுவும் இல்லாத ஓர் ஊரை, ஓர் இசைக்குழுவை எடுத்துக்கொண்டேன். ஊர், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கவென்ட்ரி. குழுவின் பெயர் ‘ஸ்பெஷல்ஸ்’. காலம் 1977 முதல் 1981 வரை.

அவர்கள் வாசித்த இசைக்கு ஸ்கா என்று பெயர். அது அவர்கள் ஊரில் பிறந்த இசையன்று. கடல் கடந்து வந்த ஒரு வடிவத்தை ஓர் ஊர் எப்படித் தன் குரலாக்கிக்கொண்டது என்பதே இந்த உரையின் மையம். புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்கும், ஹைக்கூ எழுதுகிறவர்களுக்கும், அவற்றை ‘இரவல் சரக்கு’ என்று ஏசுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு என்று நம்புகிறேன்.

இடைவெளியில் பிறந்த இசை

பாப் மார்லியின் பெயரால் ரெகே இசை நமக்கு ஓரளவு அறிமுகமாகியுள்ளது. அந்த ரெகேவுக்கு மூத்தது ஸ்கா. 1950-களின் இறுதியில் ஜமைக்கா நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனில் உருவாயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ பாடல்களை வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் கேட்டு வளர்ந்த ஜமைக்கக் கலைஞர்கள், அவற்றைத் தம் நாட்டின் ‘மென்டோ’ மெட்டுகளோடு சேர்த்து வாசித்தபோது தாளத்தின் அழுத்தம் இடம் பெயர்ந்தது. பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்த வெளியில் நிறுத்தி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு மக்களை ஆடவைக்கும் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்ற ஏற்பாடு அந்த இசையின் தொட்டிலாயிற்று. 1962 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஜமைக்கா விடுதலை பெற்றது. விடுதலைக் கொண்டாட்டத்தின் துடிப்பும் ஸ்காவின் துடிப்பும் ஒன்றாகவே கேட்டன எனலாம்.

இதன் இலக்கணத்தை நம் கச்சேரி மரபின் சொல்லிலேயே விளக்கிவிடலாம். ஆதி தாளத்தில் ‘அரை இடம்’ தள்ளி எடுப்பு அமைந்த கீர்த்தனைகளை நாம் கேட்டிருக்கிறோம். தட்டு விழுகிறது, பாட்டு அங்கே இல்லை. அரை எண்ணிக்கை கழித்துச் சொல் வந்து இறங்குகிறது. அந்தச் சிறு தாமதத்தில் ஒரு துள்ளல் பிறக்கிறது. ஸ்காவில் பேஸ் கித்தார் ஒவ்வொரு தட்டிலும் காலூன்றி நடந்துகொண்டிருக்க, கித்தாரும் பியானோவும் இரண்டு தட்டுகளுக்கு இடைப்பட்ட வெளியில் மட்டும் ‘சக் – சக்’ என வெட்டி ஒலிக்கின்றன. கேட்பவர் உடல், ஒலிக்காத இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டு ஆடத் தொடங்குகிறது. சொல்லாமல் விட்டதை வாசகன் நிரப்பும் கவிதைக்கும் இதற்கும் உறவுண்டு.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு உழைக்க வந்தவர்களோடு இந்த இசையும் வந்தது. ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் 1948-இல் இங்கிலாந்துக் கரையை அடைந்தது அந்தக் குடிபெயர்வின் தொடக்க அடையாளமாகச் சொல்லப்படுகிறது. 1964-இல் மில்லி ஸ்மால் என்னும் ஜமைக்க இளம்பெண் பாடிய ‘மை பாய் லாலிபாப்’ பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடத்தைப் பிடித்தது. ஆனால் ஜமைக்காவிலேயே ஸ்காவின் ஆயுள் நீளவில்லை. 1966 அளவில் வேகம் தணிந்து ‘ராக்ஸ்டெடி’ ஆயிற்று. 1968 அளவில் ரெகே ஆயிற்று. கவென்ட்ரி இளைஞர்கள் கையில் எடுத்தபோது ஸ்கா பத்தாண்டுகளுக்கு முன்னரே பிறந்த வீட்டில் பழசாகிப் போன ஒன்று.

ஊரும் ஆட்களும்

கவென்ட்ரி கார்களின் ஊர். ஜாகுவார், டிரையம்ப் முதலிய பெயர்கள் அந்த நகரோடு பிணைந்தவை. 1940 நவம்பர் 14-ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி தரைமட்டமாயிற்று. 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுக்காலத்துப் பேராலயம் எரிந்து சுவர்களாக நின்றது. போருக்குப்பின், அந்த எரிந்த சுவர்களை இடிக்காமல் அப்படியே விட்டு, அவற்றை ஒட்டிப் புதிய பேராலயத்தை எழுப்பி 1962-இல் திறந்தார்கள். பழையதை மறைக்காமல் அதன் தோளோடு தோள் சேர்த்துப் புதியதைக் கட்டுவது என்னும் அந்த ஊரின் வழக்கம் பின்னர் இசையிலும் வெளிப்பட்டது என்று கருத இடமுண்டு.

கார்த் தொழிற்சாலைகள் கரீபியரையும் பஞ்சாபியரையும் அயர்லாந்துக்காரரையும் ஈர்த்தன. 1970-களின் பிற்பகுதியில் அத்தொழில் நலியத் தொடங்கியது. வேலை குறையும் ஊரில் வெறுப்புக்கு வேலை கிடைத்துவிடுகிறது. அண்டை நகரான பர்மிங்காமில் 1968 ஏப்ரல் 20 அன்று அரசியல்வாதி ஈனக் பவல் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிய பேச்சின் சூடு ஆறவில்லை. ‘தேசிய முன்னணி’ என்னும் நிறவெறிக் கட்சி தெருக்களில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சூழலில் 1977-இல் குழுவைத் தொடங்கியவர் ஜெர்ரி டாமர்ஸ். பாடல் எழுதுபவர், ஆர்கன் வாசிப்பவர். கவென்ட்ரியின் லான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் ஓவியக்கலை பயின்றவர். அங்கே உடன் பயின்ற ஹொரேஸ் பேன்டர் பேஸ் கித்தாருக்கு வந்தார். ஜமைக்காவில் பிறந்து சிறுவனாக இங்கிலாந்து வந்த லின்வல் கோல்டிங் கித்தாருக்கு வந்தார். பார்படோஸ் தீவைச் சேர்ந்த சில்வர்ட்டன் ஹட்சின்சன் டிரம்ஸ் வாசித்தார். முதலில் பாடியவர் விலக, உள்ளூர்ப் பங்க் குழுவொன்றில் பாடிக்கொண்டிருந்த டெர்ரி ஹால் அந்த இடத்துக்கு வந்தார். அவர் உறவினர் பெரும்பாலோர் கார்த் தொழிலில் இருந்தவர்கள். நகரை ஒட்டிய நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திலிருந்து ராடி பையர்ஸ் இரண்டாம் கித்தாரோடு வந்தார். ஜமைக்காவில் பிறந்து அருகிலுள்ள ரக்பி நகரில் வளர்ந்த நெவில் ஸ்டேபிள் வந்த விதம் தனியானது. அவர் கருவிகளைச் சுமந்து இறக்கும் உதவியாளராகத்தான் சேர்ந்தார். சவுண்ட் சிஸ்டத்தில் பழகியவராதலால், கச்சேரி நடக்கும்போது ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்தே ஒலிவாங்கியைப் பிடித்துத் தாளத்தோடு பேசத் தொடங்கினார். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவிலுள்ள அந்த ஜமைக்க முறைக்கு ‘டோஸ்டிங்’ என்று பெயர். பின்வரிசையில் எழுந்த குரல் மேடைக்கு அழைத்துக்கொள்ளப்பட்டது. தன் பின்வரிசைக்குக் காது கொடுக்கும் குழுவே வளரும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மணியும் பவளமும்

குழு கூடிவிட்டது. ஆனால் அதன் இசை இன்னும் கூடவில்லை. வெள்ளை இளைஞர்களின் இசையாகப் பங்க் இருந்தது. கறுப்பு இளைஞர்களின் இசையாக ரெகே இருந்தது. இரண்டையும் இணைக்க விரும்பிய டாமர்ஸ் முதலில் செய்தது, ஒரே பாட்டில் ஒரு பகுதியைப் பங்க் வேகத்திலும் அடுத்த பகுதியை ரெகே நடையிலும் அமைப்பது. ஆட வந்தவர்கள் தடுமாறினார்கள். வேகத்துக்குக் கால் பழகும்போது நடை தளர்ந்துவிடும். தளர்ந்த நடைக்கு உடல் இணங்கும்போது வேகம் வந்துவிடும்.

நம் மொழியில் இதற்கு ஓர் உவமை ஆயத்தமாக இருக்கிறது. மணிப்பிரவாளம் என்றார்கள் முன்னோர். மணியும் பவளமும் ஒரே சரட்டில் கோக்கப்பட்டாலும் மணி மணியாகவே இருக்கிறது, பவளம் பவளமாகவே இருக்கிறது. அருகருகே வைப்பது வேறு, கலப்பது வேறு. சமுதாயத்திலும் அன்று அதுவே நிலை. ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் மாலையில் வெவ்வேறு விடுதிகளுக்குப் போனார்கள். குழுவின் இசைச் சிக்கலும் ஊரின் சிக்கலும் ஒன்றே.

1978 கோடையில் புகழ்பெற்ற ‘கிளாஷ்’ குழுவின் சுற்றுப்பயணத்தில் முன்னிசைக் குழுவாகச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. அப்பயணத்தில் பிராக்னெல் என்னும் ஊரில் நடந்தது நினைவில் கொள்ளத்தக்கது. அவையிலிருந்த மொட்டைத்தலை இளைஞர் கும்பலொன்று மேடையேறி, உடன் வந்திருந்த வேறொரு குழுவின் பாடகரைத் தாக்கியது. நிறவெறிக் கட்சிகள் வலைவீசிக்கொண்டிருந்தது இத்தகைய இளைஞர்கள் மீதுதான். அந்த இரவே தம் குழுவுக்கு ஒரு நோக்கத்தைத் தந்தது என்று டாமர்ஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இவர்களை வெறுத்து ஒதுக்குவதா, இவர்களையும் சென்றடைவதா என்ற வினா எழுந்தது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

வழி பழைய இசைத்தட்டுகளில் இருந்தது. 1969 அளவில் பிரிட்டனின் முதல் தலைமுறை மொட்டைத்தலை இளைஞர்கள் விரும்பி ஆடியது ஜமைக்க இசைக்குத்தான். அதாவது, அந்தக் கூட்டத்தின் சொந்த நினைவிலேயே கறுப்பின மக்களின் தாளம் புதைந்துகிடந்தது. அன்றியும் ஸ்கா ரெகேவைவிட விரைவானது. பங்க் இசையின் வேகத்தைச் சிதையாமல் தாங்கக்கூடியது. மணிக்கும் பவளத்துக்கும் நடுவே கயிறு தேடியவர்களுக்கு இரண்டையும் உருக்கும் உலையொன்று கிடைத்தது.

இந்த மாற்றத்தை எல்லாரும் வரவேற்கவில்லை. பார்படோஸ்காரரான ஹட்சின்சன் குழுவை விட்டு விலகினார். பத்தாண்டுப் பழைய ஸ்காவுக்குத் திரும்புவதில் அவருக்கு உடன்பாடு இல்லை என்பர். அவர் நிலையில் நின்று பார்த்தால் இது விளங்கும். கரீபியர்களின் இசை முன்னேறிப் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் ஏன் பின்னோக்கி இழுக்கிறீர்கள் என்பது நேர்மையான கேள்வி. யாப்புக்குத் திரும்ப விரும்பும் கவிஞனிடம் நாம் கேட்பதும் இதைத்தானே. இதற்கு வாதத்தால் விடை சொல்ல இயலாது. படைப்பு ஒன்றே விடை சொல்லவேண்டும்.

எழுநூறு பவுனில் ஓர் இசைத்தட்டு

பயணம் முடிந்தபின் குழு லண்டனில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தது. பாரிசுக்கும் ஒருமுறை சென்று வந்தது. அங்கே ஒரு தங்கும் விடுதியில், முன்னர் வந்துபோன வேறோர் ஆங்கிலக் குழு செய்த சேதத்துக்கு ஈடாக இவர்களுடைய கித்தார்களைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். இசைத்தொழிலின் அடாவடிகள் குறித்த அந்த அனுபவம் முதற்பாட்டின் கருவாயிற்று. பாட்டின் பெயர் ‘கேங்ஸ்டர்ஸ்’.

பெரிய நிறுவனம் எதுவும் முன்வரும்வரை காத்திருக்க அவர்கள் விரும்பவில்லை. உள்ளூர் வணிகர் ஒருவரிடம் 700 பவுன் கடன் வாங்கினார்கள். 1979-இன் தொடக்கத்தில் கவென்ட்ரியிலேயே ‘ஹொரைசன்’ என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாட்டைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் வாசிக்க ஜான் பிராட்பரி அழைக்கப்பட்டார். பின்னர் குழுவிலேயே தங்கிவிட்டார். டெர்ரி ஹால் பாட்டை இருமுறை பாடினார்: ஒருமுறை சினத்தோடு, ஒருமுறை சலிப்போடு. இரண்டு குரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்தார்கள். ஒரே சொல்லில் சினமும் சலிப்பும் சேர்ந்து ஒலிப்பது அந்தத் தலைமுறையின் மனநிலை. அதைச் சொற்களில் விளக்காமல் ஒலியிலேயே நிறுத்தியது கவிஞர்கள் கவனிக்கவேண்டிய உத்தி.

பாட்டின் மெட்டமைப்பு, ஜமைக்கக் கலைஞர் பிரின்ஸ் பஸ்டர் 1964-இல் வெளியிட்ட ‘அல் கபோன்’ என்னும் ஸ்கா இசைத்தட்டைத் தழுவியது. அந்தப் பழைய இசைத்தட்டு ஒரு கார் சக்கரங்கள் கிறீச்சிட நிற்கும் ஒலியோடு தொடங்கும். ஸ்பெஷல்ஸ் குழுவினர் அந்தக் கிறீச்சொலியையே எடுத்துத் தம் பாட்டின் முகப்பில் வைத்தார்கள். கிங்ஸ்டனில் அது சிகாகோ நகரக் கொள்ளைக்காரனின் கார். கவென்ட்ரியில் அதே ஒலி, கார் செய்தே பிழைத்து, இப்போது உற்பத்தி கிறீச்சிட்டு நின்றுகொண்டிருக்கும் ஒரு நகரின் ஒலியாகிவிடுகிறது. ஒலியில் ஓர் அணுவும் மாறவில்லை. வைக்கப்பட்ட ஊர் மாறியது, பொருள் மாறிவிட்டது. இரவல் எப்போது சொந்தமாகிறது என்ற வினாவுக்கு இந்த ஒரு நொடி ஒலி விடை சொல்கிறது.

இனி, இந்த உரைக்குத் தலைப்புத் தந்த செய்தி. ஒரு பாட்டைப் பதிவு செய்ததோடு பணம் தீர்ந்துவிட்டது. இசைத்தட்டுக்கோ இரண்டு பக்கங்கள். மறுபக்கத்துக்குப் பாட்டில்லை. அதே ஊரில் நியோல் டேவிஸ் என்னும் கித்தார்க் கலைஞர் 1977-இலேயே, இதே பிராட்பரியோடு சேர்ந்து, ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் பதிவு செய்த சொல்லில்லா இசையொன்று வெளியாகாமல் கிடந்தது. அதன்மேல் ஸ்காவின் வெட்டுக் கித்தாரைக் கூடுதலாகப் பதிந்து, ‘தி செலக்டர்’ என்று பெயரிட்டு மறுபக்கத்தில் சேர்த்தார்கள். முதற்பதிப்பு 5,000 படிகள். அச்சிட்ட உறைக்கும் பணமில்லை. வெற்று வெள்ளை உறைகளை வாங்கி, ரப்பர் முத்திரையைத் தாமே குத்தினார்கள். 1979 மே மாதம் இசைத்தட்டு வெளிவந்தது.

மறுபக்கத்து இசையைக் கேட்டவர்கள், அந்தக் குழு எங்கே வாசிக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படி ஒரு குழுவே கிடையாது. கேள்வி எழுந்தபின் அதற்கு விடையாக நியோல் டேவிஸ் ஒரு குழுவை உருவாக்கினார். பாலின் பிளாக் என்னும் ஆற்றல் மிக்க கறுப்பினப் பாடகியை முன்னிறுத்தி ‘செலக்டர்’ என்ற பெயரிலேயே அக்குழு புகழ் பெற்றது. முதலில் இசைத்தட்டு, பிறகு குழு. பணமின்மை திறந்துவிட்ட இடைவெளியில் இன்னொரு குழு பிறந்தது. தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் பிறக்கும் இசைக்கு இது பொருந்துகிற வரலாறுதான்.

கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்

இசைத்தட்டின் வெற்றியைக் கண்டு பெரிய நிறுவனங்கள் வந்தன. ‘கிரிசாலிஸ்’ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டபோது அவர்கள் முன்வைத்த நிபந்தனை கவனத்துக்குரியது. தம் குழுவுக்கு மட்டும் ஒப்பந்தம் போதாது. தாம் தொடங்கிய ‘டூ-டோன்’ என்னும் இசைத்தட்டு முத்திரை முழுமைக்கும் இடம் வேண்டும். பிற குழுக்களின் இசைத்தட்டுகளையும் தாமே தேர்ந்து வெளியிடவேண்டும் என்றார்கள். அவ்வாறே 1979-இல் ‘மேட்னஸ்’, ‘பீட்’ ஆகிய குழுக்களின் முதல் இசைத்தட்டுகளும், 1980-இல் பெண்கள் எழுவர் கொண்ட ‘பாடிஸ்னாச்சர்ஸ்’ குழுவின் முதல் இசைத்தட்டும் அம்முத்திரையில் வெளிவந்தன. ஓர் இசைத்தட்டோடு விலகிப்போகும் உரிமையும் அக்குழுக்களுக்கு இருந்தது. மேட்னஸும் பீட்டும் அவ்வாறே விலகிச் சென்று வளர்ந்தன. தன்னிடம் எழுதத் தொடங்கியவன் வேறு இதழில் எழுதினால் முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்லேன்.

டூ-டோன் முத்திரையின் சின்னம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும், கறுப்புக் கோட்டும் குறுந்தொப்பியும் அணிந்த ஓர் இளைஞன் உருவமும். அவ்வுருவம் வெய்லர்ஸ் குழுவின் பழைய இசைத்தட்டு உறையில் இருந்த பீட்டர் டாஷின் நிழற்படத்தைப் பார்த்து வரையப்பட்டது.

‘கேங்ஸ்டர்ஸ்’ பிரிட்டிஷ் பட்டியலில் 6-ஆம் இடத்தை எட்டியது. 1979 அக்டோபரில் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்து 4-ஆம் இடத்தைப் பெற்றது. அதை உருவாக்கித் தந்தவர் எல்விஸ் காஸ்டெல்லோ. பதிவு லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில். ஆனால் உறைப்படம் கவென்ட்ரியின் கால்வாய்த் துறையில் எடுக்கப்பட்டது. எழுவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்களில் வெள்ளையர் ஐவர், கறுப்பர் இருவர். படத்தில் முழக்க வாசகம் எதுவும் இல்லை. அவர்கள் சேர்ந்து நிற்பதே போதுமானதாக இருந்தது.

கடனும் உரிமையும்

இங்கே ஒரு தடை எழும். பிரின்ஸ் பஸ்டரின் உழைப்பில் இவர்கள் புகழ் பெற்றார்கள் அல்லவா என்று கேட்கலாம். அன்றே கேட்டார்கள். இதைத் தட்டிக்கழிப்பது முறையன்று. முதல் தொகுப்பில் பழைய ஜமைக்கப் பாடல்கள் பல உள்ளன.

விடையின் ஒரு பகுதியை ரிக்கோ ரோட்ரிகஸ் என்னும் டிராம்போன் கலைஞரின் வாழ்வில் காண்கிறேன். 1934-இல் ஹவானாவில் பிறந்து கிங்ஸ்டனில் வளர்ந்து, 1961-இல் இங்கிலாந்து வந்தவர். ஸ்காவின் தொடக்கக் கலைஞர்களுள் ஒருவர். 1967-இல் டாண்டி லிவிங்ஸ்டன் பாடிய ‘ரூடி’ பாட்டில் டிராம்போன் ஊதியவர் அவர். 1979-இல் அதே பாட்டை ஸ்பெஷல்ஸ் மீண்டும் பாடியபோது, அந்தப் பகுதியைப் போலச்செய்ய வேறொருவரைத் தேடாமல் ரிக்கோவையே அழைத்து வாசிக்கச் செய்தார்கள். அதோடு நில்லாமல், 1981-இலும் 1982-இலும் அவருடைய சொந்த இசைத்தொகுப்புகள் இரண்டை டூ-டோன் வெளியிட்டது. கடன்பட்டவர் கடன் தந்தவரைக் கண்டுபிடித்துத் தம் அவையின் நடுவில் உட்காரவைத்தார்கள். ரிக்கோ 2015-இல் காலமானார். இரவல் பெறுவதற்கு அறம் ஒன்று உண்டென்றால் அது இதுவே என்று நினைக்கிறேன்.

விடையின் இன்னொரு பகுதி நம் பக்கத்தில் இருக்கிறது. ஜெர்ரி டாமர்ஸ் பிறந்த ஊர் எது என்று கேட்டால் இந்த அவை வியக்கும். அவர் 1955 மே 22-இல் உதகமண்டலத்தில் பிறந்தவர். தந்தையார் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குரு. பின்னர் கவென்ட்ரிப் பேராலயத்திலும், அதன்பின் பிரிஸ்டல் பேராலயத்தின் தலைமைக் குருவாகவும் பணிபுரிந்தவர். இதைக் கேட்டதும் ‘நம்மூர்க்காரர்’ என்று கைதட்டத் தோன்றும். அந்த ஆசையை நான் ஊக்குவிக்க விரும்பவில்லை. மழலைப் பருவத்திலேயே அவர் இங்கிருந்து சென்றுவிட்டார். பிறந்த மண்ணால் ஒரு கலை உரிமையாகுமானால் அவருக்கு உரிமையானது படுகர் பாட்டாக இருந்திருக்கவேண்டும். உழைத்துக் கற்றதும், உடனிருந்தவர்களோடு சேர்ந்து ஒலித்ததுமே அவருக்கு ஸ்காவை உரிமையாக்கின.

நம் நாட்டில் 1959-இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, 1962-இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பை வெளியிட்டபோது, இது மேனாட்டுச் சரக்கு என்ற ஏச்சு எழுந்தது. இன்று அவ்வடிவில்தான் நம் வீட்டுத் திண்ணையும் கண்மாய்க்கரையும் எழுதப்படுகின்றன. அந்த ஏச்சுக்கும் விடை சொன்னது படைப்பே.

நிலைத்ததும் கலைந்ததும்

இந்த வரலாற்றை இனிப்பாக முடிக்க இயலாது. 1981 கோடையில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நகர்கள் பலவற்றில் கலவரம் மூண்டது. அதே ஜூலையில், வெறிச்சோடிய ஊரைப் பாடிய ‘கோஸ்ட் டவுன்’ பட்டியலில் முதலிடம் பெற்றது. அந்த உச்சத்திலேயே ஹால், ஸ்டேபிள், கோல்டிங் மூவரும் குழுவை விட்டு வெளியேறினார்கள். கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே தாளத்தில் ஆடவைத்தவர்களால் தம் எழுவரை ஐந்தாண்டுகூட ஒன்றாக வைத்திருக்க இயலவில்லை. பாட்டு நிறவெறியை ஒழித்துவிடவும் இல்லை. கோல்டிங்கே நிறவெறியர்களின் தாக்குதலுக்கு ஆளானார்.

அப்படியானால் பயன் என்ன என்று கேட்கலாம். டாமர்ஸ் எஞ்சியவர்களோடு தொடர்ந்து, நெல்சன் மண்டேலாவின் விடுதலையைக் கோரும் பாட்டை 1984-இல் வெளியிட்டார். மண்டேலா யார் என்றே அறியாத இளைஞர் பலரிடம் அப்பெயரைக் கொண்டுசேர்த்தது அந்தப் பாட்டு. 2014-இல் தென்னாப்பிரிக்க அரசு அவருக்கு ஆலிவர் டாம்போ பெயரிலான விருதை வழங்கியது. டாமர்ஸ் இல்லாமல் மீண்டும் கூடிய ஸ்பெஷல்ஸ் குழுவின் புதிய தொகுப்பு 2019-இல் முதலிடம் பெற்றது. பிராட்பரி 2015-இலும் டெர்ரி ஹால் 2022-இலும் மறைந்தார்கள். 2021-இல் கவென்ட்ரி பிரிட்டனின் பண்பாட்டு நகராக இருந்தபோது, அந்நகரின் ஹெர்பர்ட் கலைக்கூடத்தில் டூ-டோன் வரலாறு கண்காட்சியாக வைக்கப்பட்டது. கையால் முத்திரை குத்திய வெள்ளை உறை அந்த நகரின் பெருமைகளுள் ஒன்றாகிவிட்டது.

குழுக்கள் கலையும். அது குழுக்களின் இயல்பு. நம் வட்டம் பத்தாண்டு நிலைத்திருப்பது ஸ்பெஷல்ஸ் குழுவின் முதல் வாழ்வைவிட இருமடங்குக்கும் மேல். அதில் மகிழ்வோம். ஆயினும் ஒரு குழுவின் ஆயுளை ஆண்டுகளால் அளப்பதைவிட, அது தன் இசைத்தட்டின் மறுபக்கத்தில் யாருக்கு இடம் தந்தது என்பதால் அளப்பது பொருந்தும்.

நாம் கொண்டுவரும் மலரில் நம்முடைய கவிதைகள் இருக்கும், அது முறையே. நம் கூட்டங்களில் பத்தாண்டாகப் பின்வரிசையில் அமர்ந்து, கேட்டுவிட்டு மட்டும் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்காலி எடுத்துப் போடும் தம்பி ஒருவர் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருக்கக்கூடும். கொட்டகையில் பதிந்து வெளியாகாமல் கிடந்த அந்த இசையைப் போல, நம் ஊரிலும் யாரோ எழுதி வைத்தது கிடக்கும். இன்னும் நான்கு பக்கத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று அமைப்பாளர் சொல்லும்போது, அந்த நான்கு பக்கங்களை அவர்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.